நிலக்கோட்டையில் லண்டன் தேர்தல்

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் காலை பத்து மணி. மல்லிகை வியாபாரி செல்வராஜ் எடை போடுவதை விட்டுவிட்டு ஃபோனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். லண்டனில் வரிசையாக மளிகைக் கடைகள் வைத்திருக்கும் அவருடைய அண்ணன், அங்கே ஒரு கட்சிக்கு வெகுகாலமாக நன்கொடை தருபவர். இந்தத் தேர்தலில் அண்ணன் மகளே அந்தக் கட்சியின் வேட்பாளர்; அங்கே ஓட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

“ஜெயிச்சிருவாங்களா?” என்று கேட்கிறேன்.

“ஜெயிக்கட்டும் சார். ஆனா, வெளிநாட்டு ஆளுக வர்றதக் கொறைப்போம்னுதான் ஓட்டுக் கேட்டிருக்கா. எம்மக நர்ஸு. அந்த ஊரு விசாவுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா.”

ஃபோன் அடிக்கிறது. ஜெயித்துவிட்டதைச் சொல்ல அண்ணன் மகளே பேசுகிறாள். செல்வராஜ் முகம் மலர வாழ்த்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் தன் மகளிடம் ஃபோனைக் கொடுக்கிறார்.

“ரொம்ப சந்தோஷம்க்கா” என்கிறாள் அவள். பிறகு மெதுவாக, “நான் அங்க வரலாமாக்கா?”

பதிலைக் கேட்டுக்கொண்டு ஃபோனைத் திருப்பித் தருகிறாள்.

“என்னத்தா சொன்னா?”

“அவங்க ஆபீசுக்கு ஒரு மெயில் போடச் சொன்னாங்கப்பா.”