சலோமியின் வங்காளம்

சவரம் செய்யும்போது சலோமி ஆளின் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். இடது கையின் இரண்டு விரல்கள் மூக்கு நுனியைக் கவ்வி மேலே தூக்கும். வலது கைக் கத்தி மேலுதட்டில் இறங்கும். வாயைச் சுற்றி நுரை, மூக்கு அவள் பிடியில். அந்த நிலையில் அவளை எதிர்த்துப் பேசிய ஆண்பிள்ளை காரைக்காலில் யாரும் இல்லை. "அசையாதீங்க. அசைஞ்சா உதடு எனக்கு, மீசை உங்களுக்கு" என்பாள்.

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். தலத்தெருவிலிருந்து விடியற்காலையில் ஒரு ரெக்சின் பையுடன் கிளம்புவாள். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். நோயாளி வீட்டில் வேலை முடியும்வரை காபியைத் தொடமாட்டாள். முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பாள். சாவை அவள் சாவு என்று சொல்வதில்லை. "அவருக்குப் பெரிய டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க வராது. ஆனால் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள். ஊசி போட வருகிறவள் கண்ணாடி போட்டிருந்தால் நோயாளிக்குக் கை நடுங்கும் என்பது அவள் கட்சி. உண்மையில் அது அவளுக்கு அழகாக இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு. இளவயதில் கல்கத்தாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள். "நான் வங்காளம் பேசினா வங்காளிங்களே நின்னு திரும்பிப் பாப்பாங்க" என்று சொல்லிக்கொள்வாள். திரும்பிப் பார்த்தது நிஜம்தான். இவள் என்ன சொல்கிறாள் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அவளோடு விடுதியில் இருந்தவர்கள் எல்லாரும் கோட்டயத்துப் பெண்கள். ஆகவே கல்கத்தாவில் சலோமி நன்றாகக் கற்றுக்கொண்டது மலையாளம். வங்காளத்தில் அவளுக்கு வந்ததெல்லாம் படுக்கையை ஒட்டிய சொற்கள்: எங்கே வலி, மூச்சை இழு, புரண்டு படு, பயமில்லை, 'ஆர் எக்டு'. கடைசிச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். கஞ்சி குடிக்க வைக்கவும் அதுதான், நடக்க வைக்கவும் அதுதான்.

இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருஷம் வங்காளம் தெரிந்தவள் என்று ஊரில் காலம் தள்ளியாயிற்று. காரைக்காலில் வங்காளி வந்து பரீட்சை வைக்கவா போகிறான் என்ற தைரியம். எண்பத்தைந்தாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்தப் பரீட்சை ரேடியோ வழியாக வந்தது.

அப்போது அவள் கையில் இருந்தவர் சந்தனசாமி. நகராட்சியை இன்னமும் பிரெஞ்சுக்காரன் வைத்த பேரால் 'மேரி' என்றே சொல்லும் பழைய ஆள். அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ஊர்க் கால்பந்துக் குழுவில் கோல் காத்த கோலி. வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. டாக்டர் புதுவருஷத்தைக் கெடுவாகச் சொல்லியிருந்தார். அதற்குள் காலை ஊன்றிப் பழகாவிட்டால் தசை இறுகிவிடும், பிறகு கட்டில்தான். சலோமி தினமும் எண்ணெய் தேய்த்தாள், மடக்கினாள், நீட்டினாள், திட்டினாள். காலைத் தரையில் வைக்கச் சொன்னால் மட்டும் மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

"இது என் கால் இல்ல சலோமி. யாரோ வச்சுட்டுப் போனது."

"யாரு வச்சதா இருந்தா என்ன, உங்க இடுப்புலதானே மாட்டியிருக்கு. ஊனுங்க."

அந்த வாரம் டாக்காவில் தெற்காசிய விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தான், நேபாளம் என்று அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் பந்தாடி, கடைசியில் மிஞ்சியது இந்தியாவும் வங்காளதேசமும். இறுதி ஆட்டத்தன்று காலையில் சந்தனசாமியே வாயைத் திறந்தார்.

"இந்தியா தங்கம் எடுத்தா நாளைக்குக் காலையில வாசல் வரைக்கும் நடக்கிறேன். எடுக்கலைன்னா என் காலைத் தொடக்கூடாது. நீ வேற வீடு பாத்துக்க."

அவர் மனைவி அமலராணி மாதா படத்தைப் பார்த்தாள். சலோமி, "எழுந்து நடக்கறதுக்குப் பதினோரு பேரு டாக்காவுல ஓடணுமா?" என்று கேட்டாள். ஆனால் ஒப்புக்கொண்டாள். பந்தாட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அதில் முழங்கால் போகும் என்பது மட்டும்.

பொழுது சாயும் நேரத்தில் எதிர்வீட்டு அல்லா பிச்சை தன் ரேடியோவைக் கொண்டுவந்தார். வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஏரியல் கம்பியை அமலராணி தொங்கவிட்டிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் கட்டினார். திருச்சி நிலையம் விவசாயம் சொல்லிக்கொண்டிருந்தது. டெல்லி கரகரத்துச் செத்தது. முள்ளை நகர்த்தியதும் கடல் தாண்டி டாக்கா பளிச்சென்று விழுந்தது. முழுக்க வங்காளம்.

"அட, நம்ம சலோமியக்கா இருக்காங்களே!" என்றார் அல்லா பிச்சை.

ஆட்டம் கேட்க வந்து அறையில் கூடியிருந்த தெருக்காரர்கள் அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். சலோமிக்கு வெளியே போக ஒரு வேலைகூட இல்லை. பெட்பேன்கூடக் காலியாக இருந்தது.

"என்னக்கா சொல்றான்?"

"பந்து போவுதுங்கறான்."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"அது எந்தப் பக்கம்?"

"நடுவுல குறுக்க பேசினா எப்படிக் கேக்கறது? சும்மா இருங்க."

இப்படியே வெகுநேரம் ஓட்டினாள். பந்தை அவள் இரண்டு பக்கமும் சமமாக அனுப்பினாள். யாருக்கும் வஞ்சனை செய்யவில்லை. ஆளுக்கொரு கோல் விழுந்ததை ரேடியோவின் கூச்சலை வைத்தே மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள், "அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்றாள். நடுவில் ஒருமுறை அந்த வர்ணனைக்காரர் வலி என்கிற சொல்லைச் சொன்னார். சலோமி துள்ளி எழுந்தாள்.

"ஒருத்தனுக்கு அடி! பலமான வலி! முழங்காலாத்தான் இருக்கும். இப்ப தண்ணி கொண்டாருவாங்க பாருங்க, ஸ்ட்ரெச்சர் வரும், மடக்கக் கூடாது, நீட்டி வைக்கணும்!"

அறையே வாயைப் பிளந்தது. அமலராணி பெருமையோடு கிறிஸ்துமஸ் பலகாரமான கலகலாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில் சலோமி மீதி ஆட்டத்தைக் கடந்தாள்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. பெனால்டி வந்தது. ஒருவன் உதைப்பான், ஒரு கோலி மட்டும் நிற்பான் என்று அல்லா பிச்சை அவளுக்கு விளக்கினார். மொழிபெயர்ப்பவளுக்கே விளக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், நல்ல மனிதர். ரேடியோ ஒரு உதைக்கு இரைந்தது, ஒரு உதைக்கு அடங்கியது. அப்போதுதான் சலோமி போர்வையைப் பார்த்தாள்.

சந்தனசாமி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு உதைக்கும் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணால் அவள் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். யாரோ வைத்துவிட்டுப் போன அந்தக் காலின் விரல்கள் விரிந்து, மெத்தையைப் பிராண்டி, பாய்வதற்கு ஊன்றிக்கொண்டிருந்தன. அவருக்கே அது தெரியாது.

அதற்குப் பிறகு டாக்காவில் யார் என்ன உதைத்தார்கள் என்பதை அவள் காதில் வாங்கவேயில்லை. திடீரென்று ரேடியோவில் பேரிரைச்சல் எழுந்தது. அந்த இரைச்சலின் மேலேயே இலங்கை நிலையம் வந்து ஏறிக்கொண்டது. நாதஸ்வரம். அல்லா பிச்சை முள்ளைத் திருகித் திருகிப் பார்த்தார். டாக்கா திரும்பவில்லை.

"கடைசியா என்னக்கா சொன்னான்?"

டாக்கா ஜனங்கள் அப்படி ஆர்ப்பரித்தால் வங்காளதேசம்தான் ஜெயித்திருக்கும் என்பது சலோமியின் கணக்கு. சந்தனசாமி கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். அவள் இன்னும் அந்தக் கால்விரல்களைக் கையில் பிடித்திருந்தாள்.

"நாமதான்" என்றாள். "தங்கம் நமக்குத்தான்."

மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் வெடிகளை அல்லா பிச்சை வாசலில் கொளுத்தினார். சலோமி காபி குடிக்காமல் வீட்டுக்குப் போனாள். படுத்துக்கொண்டு தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். மாதா முன்னால் பொய் சொன்னதுகூடப் பெரிதில்லை. காலையில் முதல் பஸ்ஸில் பேப்பர் வரும். அதை அந்த மனிதர் ஒரு வரி விடாமல் படிப்பார். படித்தால் கால் போயிற்று.

மறுநாள் காலையில் பேப்பர்காரருக்கு முன்னால் அவள் அங்கே நின்றாள். படலுக்கு மேலாக வந்து விழுந்த பேப்பரை எடுத்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கண்ணாடி இல்லை.

சந்தனசாமி கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். வாக்கு வாக்குதான். அமலராணி பக்கத்தில் பிடித்துக்கொள்ள, சலோமி அவருக்கு முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு பின்புறமாக நடந்தாள். இடது கால் தேய்த்துக்கொண்டு வந்தது. வரட்டும். நிலைப்படி அருகில் அவருக்கு மூச்சு வாங்கி, நின்றுவிட்டார்.

"ஆர் எக்டு" என்றாள் சலோமி, தன்னை மறந்து. "ஆர் எக்டு அண்ணே, ஆர் எக்டு."

என்ன அர்த்தமென்று அவர் கேட்கவில்லை. காலை இழுத்து வைத்தார். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. முகத்தில் ஒரு வாரத்துத் தாடி.

"பேப்பர் எங்க?"

"இன்னிக்கு வரலண்ணே. கிறிஸ்துமஸ் லீவாம்."

"கிறிஸ்துமஸ் முந்தாநாளே முடிஞ்சுபோச்சே?"

அவள் பையிலிருந்து சவரச் சாமான்களை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தோடு படியில் வைத்தபோது எதிர்வீட்டிலிருந்து அல்லா பிச்சை ஒரு பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா! நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கான்! பெனால்டியில நாலுக்கு ஒண்ணு! நம்மளுக்குத்தான் தங்கம்! அவங்க போட்டதே ஒண்ணுதானாம், அதுக்குத்தான் நேத்து அவ்ளோ இரைச்சல்போல!"

நடந்தவர் சந்தனசாமி. முழங்கால் விட்டுப்போனது சலோமிக்கு. நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் இடுப்பில் இருந்த பேப்பர் சரசரவென்று சத்தம் போட்டது. சந்தனசாமி அதைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி இடுப்பைப் பார்த்தார்.

"வரலைன்னியே சலோமி. அப்ப நேத்து ரேடியோவுல..."

சலோமி எழுந்தாள். இடுப்பிலிருந்து பேப்பரை உருவி, உதறிப் பிரித்து, நுரை சிந்தாமல் இருக்க அவர் நெஞ்சில் விரித்தாள். பிரஷைத் தண்ணீரில் முக்கி அவர் வாய்மேல் நுரையை அப்பினாள்.

"அசையாதீங்க" என்று மூக்கைப் பிடித்தாள்.