தங்கமணியின் நாலு பேட்டரிக்கட்டைகள்

சென்ற மாதம் எங்கள் வீட்டில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. என் கைபேசியின் அழைப்பொலியை மாற்றுவது என்பதே அது. மூன்று வாரம் கருத்துக் கேட்கப்பட்டது. மகள் சிபாரிசு செய்த புல்லாங்குழல், தூக்கத்தை வரவழைக்கிறது என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. மனைவி முன்மொழிந்த கோயில் மணி, ஒவ்வொரு அழைப்புக்கும் நான் எழுந்து நின்று கும்பிடக்கூடும் என்ற அச்சத்தால் கைவிடப்பட்டது. பழைய கறுப்புத் தொலைபேசியின் மணிச்சத்தமே போதும் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, ஒரு புதன்கிழமை காலை அதை அமலுக்குக் கொண்டுவந்தோம். புதிய ஒலியில் வந்த முதல் அழைப்பு, பள்ளித் தோழன் கிட்டுச்சாமியுடையது.

“தங்கமணி போயிட்டாடா,” என்றான். “காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தாளாம். அப்படியே போயிட்டா.” பிறகு, “எதனாலன்னு டாக்டரு சொல்லல. அவ இருந்திருந்தா கேக்காம உட்டிருப்பாளா?” என்றான்.

விட்டிருக்க மாட்டாள். தங்கமணியை மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று மனு கொடுக்க வந்தவர்களிடம் மனுவை வாங்குவதற்கு முன்பே, “ஊட்டுக்கு ஆராச்சும் ஒரம்பரை வந்திருக்காங்களா?” என்று கேட்பாள். பெரும்பாலும் விருந்தாளிகள் வந்திருப்பார்கள். மனுதாரர் மனுவோடு திரும்பிப் போவார். இந்தக் கலையை அவள் அலுவலகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. மாநில எல்லையில் கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், எழுபதுகளின் நடுவில், பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அவளிடம் அது முழுமையாக இருந்தது. நாங்கள் பாட்டுக் கேட்டதன் விளைவு அது.

அவளுடைய அண்ணன் சூரியநெல்லியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மலையில் சரியாக எடுக்கவில்லை என்று தன் டிரான்சிஸ்டரை ஒரு லீவில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கு நாலு பேட்டரிக்கட்டைகள் வேண்டும். கட்டைகளை விட்டுவிட்டுப் போகவில்லை. பாட்டுக்காகக் கட்டை வாங்கித் தரும் அப்பா எங்கள் வட்டாரத்தில் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் டார்ச் இருந்தது. பொழுது சாயும்வரை அதற்கு வேலை இல்லை. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவள் தங்கமணி. அவள் வீட்டு டார்ச்சிலிருந்து ஒன்று, என் வீட்டிலிருந்து ஒன்று, கிட்டுச்சாமி வீட்டிலிருந்து ஒன்று, பனை ஏறும் அப்பாவின் டார்ச்சிலிருந்து சுகுமாரன் கொண்டுவந்தது ஒன்று. பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு நாலும் உள்ளே போகும். ஆறு மணிக்குள் அவரவர் வீட்டு டார்ச்சுக்குத் திரும்பிவிடும். நாங்கள் மூவரும் அவள் வீட்டு மாட்டுக்கொட்டகையின் பக்கம் சாக்கை விரித்து உட்காருவோம். அவள் சன்னலுக்கு அந்தப் பக்கம், உள்ளே. ரேடியோ சன்னல் கட்டையில்.

எந்தப் பாட்டு என்பதில் தகராறு வந்தது. சுகுமாரன் வீட்டில் மலையாளம். அவனுக்கு மலையாள நிலையம் வேண்டும். கிட்டுச்சாமிக்குக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தமிழ்ப் பாட்டு வேண்டும். அது ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவதுபோல் பக்கத்தில் வரும், தூரப் போகும். பல்லவி எங்களுக்கும் சரணம் வேறு யாருக்கோ போய்ச் சேரும். மலையாளப் பாட்டுகளில் அந்த நாளில் ஓடமும் நிலவும் அதிகம். எங்கள் பக்கம் ஓடம் விடுகிற ஆழத்துக்குத் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் சுகுமாரன் கண்ணை மூடிக்கொண்டால் அவன் அக்கரைக்குப் போய் இறங்குவது எங்களுக்கே தெரியும். வயலின்கள் கூட்டமாக எழும் இடத்தில் அவன் கழுத்து நரம்பு எழும்.

“ஏண்டா, அழுவறானா பாடறானா அந்தாளு?” என்பான் கிட்டுச்சாமி.

“நின்றெ ஆளு தண்டவாளத்துல நின்னு கூப்பிடற மாதிரியல்லே கூப்பிடறான். அது மட்டும் பாட்டா?” என்பான் சுகுமாரன்.

ஒருநாள் கிட்டுச்சாமி தத்துவ ரீதியாகத் தாக்கினான். மலையாளப் பாட்டு பேட்டரியை அதிகம் தின்கிறது, தன் அப்பாவின் டார்ச் மங்குவதற்கு அதுதான் காரணம் என்றான். சாதாரணமாக இதற்குப் பதில் சண்டைதான். தங்கமணி, “அப்படியா? பாத்தரலாம்,” என்றாள்.

பார்த்தாள். ஒரு வாரம் முழுவதும் மலையாளம், அடுத்த வாரம் முழுவதும் தமிழ், சத்தம் திருகும் குமிழில் குங்குமத்தால் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டாமல். டார்ச் பல்பு ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தாள். கட்டை வரும்போதும் போகும்போதும் குதிருக்குப் பின்னாலுள்ள இருட்டில் வைத்துப் பல்பை எரியவிட்டுப் பார்ப்பாள். வெளிச்சத்துக்கு அவளே தரம் பிரித்திருந்தாள்: வெயில், நிழல், மேகம், கடைசியாக அந்தி இருட்டான மசங்கல். இரண்டு வாரம் கழித்து முடிவு சொன்னாள்.

“பாஷையில ஒண்ணுமில்லீடா. திருகறதுலதான் இருக்குது.”

கிட்டுச்சாமி தனக்குப் பிடித்த பாட்டு வரும்போதெல்லாம் குமிழைக் கடைசிவரை திருகுவான் என்பதும் அப்போது வெளியே வந்தது. சுகுமாரன் அன்று வீட்டுக்குப் போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தான்.

இத்தோடு அவள் நின்றிருக்கலாம். ஆனால் பல்பை எரித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. நாங்கள் பாட்டுக் கேட்டோம். அவள் கட்டைகளைப் பார்த்தாள். கிட்டுச்சாமி வீட்டுக் கட்டை திடீரென்று மேகத்துக்கு வந்தபோது, “எருமை கன்னு போட்டுருச்சா?” என்று கேட்டாள். முந்தின நாள்தான் போட்டிருந்தது. சுகுமாரனின் அப்பா காய்ச்சலில் பனை ஏறாமல் கிடந்ததை, கட்டை நாலு நாள் வெயிலிலேயே நின்றதிலிருந்து கண்டுபிடித்தாள். “ஒரு ஊட்டு டார்ச்சுக்குத் தெரியாதது அந்த ஊட்ல என்ன இருக்குது?” என்பாள். அவளுக்கு ஊர்வம்பில் ஆர்வம் இல்லை. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். சரியா என்று மட்டும் கேட்டுக்கொள்வாள்.

என்னிடமும் ஒருமுறை கேட்டாள். “வெள்ளிக்கெழமையானா உங்கூட்டுக் கட்டை மசங்கலாவே வருதே. வியாழக்கெழம பொழுதோட டார்ச்ச ஆரு எடுத்துட்டுப் போறாங்க?”

“அப்பா. காட்டுக்குத் தண்ணி கட்ட.”

“ஓகோ,” என்றாள். சரியா என்று கேட்கவில்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சீட்டாடுவார். அதனால் என் அம்மா ஒருமுறை தங்கையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தார். அப்பா ஊரார் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தபிறகு வந்தார். இன்னொரு முறை நடந்தால் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அம்மா சொன்னதைச் செய்கிறவர். சீட்டாட்டம், சோதனைச்சாவடிக்குப் போகும் வழியில் ஒரு பழைய கடலைக்காய்க் கிடங்கில் நடக்கும். அது ஊருக்குக் கிழக்கே.

ஒரு வியாழக்கிழமை அப்பா குழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். டார்ச் கண்ணை மூடிவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கமணி வீட்டு வாசலில் நான்கு அப்பாக்களும் கூடினார்கள். என் அப்பா கையில் மூங்கில் சிம்பு கட்டியிருந்தார். சுகுமாரனின் அப்பா கட்டிலில் உட்காராமல் நின்றார். கிட்டுச்சாமியின் அப்பா தொடங்கினார்.

“ரேடியோதானுங்க மாமா எல்லாத்துக்கும் காரணம். பசங்க பாட்டுக் கேட்டுக் கேட்டு டார்ச்ச உறிஞ்சிப்போட்டாங்க. மச்சான் கையி போச்சு. நாளைக்கு உசுரு போவும்.”

அவரும் வியாழக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

“பெட்டிய மலைக்கே அனுப்பிச்சுப்போடலாம்,” என்றார் தங்கமணியின் அப்பா. அப்போது என் அம்மா, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தவர், மெதுவாகக் கேட்டார்.

“ரேடியோ கெடக்கட்டுமுங்க. நம்ம காடு மேக்கால இருக்குது. இவரு எதுக்குக் கெழக்கால போயி உழுந்தாருன்னு கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. அப்பா தன் சிம்பைப் பார்த்தார். அம்மாவின் இடுப்பில் தங்கை இருந்தாள். நான் மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இன்னொரு முறை கேட்டால், மதியம் பஸ்ஸில் தாய் வீடு போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கமணி பேசினாள். “டார்ச்சு மங்கிப்போச்சுன்னா தெசை எங்கீங்க அத்தை தெரியும்? எல்லாம் மலையாளப் பாட்டாலதானுங்க. அதுதான் அதிகமாத் திங்குது. நான் ரெண்டு வாரம் வெச்சுப் பாத்தனுங்க.”

“நெசமாவா அம்முணி?” என்றார் அவள் அப்பா.

“ஆமாங்கப்பா. தமிழ்ப் பாட்டுன்னா ஒண்ணும் ஆகறதில்லீங்க.”

இந்த விஞ்ஞான உண்மையைப் பெரியவர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். கிட்டுச்சாமியின் அப்பா அதற்கு விளக்கமும் தந்தார்: “மூக்கால பாடறானல்லங்க, அந்த இழுப்புக்கு எச்சாக் கரண்டு வேணுமுங்க.” என் அம்மா தங்கமணியின் சன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தங்கையை இடுப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எங்கள் வீட்டுக்குத்தான். ரேடியோவை மலைக்கு அனுப்ப வேண்டியதில்லை, இனி தமிழ்ப் பாட்டு மட்டும் வைக்கலாம் என்று தீர்மானம் ஆயிற்று. சுகுமாரனின் அப்பா, “அங்ஙனெயும் உண்டாவும்,” என்று, அப்படியும் இருக்கலாம் என்பதாகத் தலையை ஆட்டிவிட்டு, விழுந்ததற்குத் தானே பொறுப்பு என்பதுபோல் என் அப்பாவைக் கும்பிட்டார்.

பெரியவர்கள் போனபிறகு சுகுமாரன் சன்னலருகே வந்தான்.

“பாஷையில ஒண்ணுமில்லான்னு நீயல்லே பறஞ்சது?”

தங்கமணி குமிழிலிருந்த குங்குமக் கோட்டை விரலால் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைத்துக்கொள்வதில் செலவில்லை. சுகுமாரன் அடுத்த நாளிலிருந்து கட்டை கொண்டுவரவில்லை. நாலாவதற்கு வேறு வீடு பார்க்கலாம் என்றான் கிட்டுச்சாமி. “அது அவங் கட்டையோட எடம்,” என்றாள் தங்கமணி. மூன்று கட்டைகளுக்கு ரேடியோ பாடாது. பரீட்சைவரை அது சன்னலில் சும்மா இருந்தது. சுகுமாரன் அவளிடம் பிறகு பேசவே இல்லை. வகுப்பில் அவள் பெஞ்சைக் கடக்கும்போது குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவான்.

பல வருடங்கள் கழித்து, அவள் அண்ணன் மகள் கல்யாணம் சூரியநெல்லியில் நடந்தது. அப்போது என் அப்பா காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் தங்கமணி உட்கார்ந்தாள்.

“உங்கப்பா அதுக்கப்பறம் சீட்டுத் தொட்டாரா?”

“தொடல.”

“அப்ப சரி,” என்றாள். அத்தனை வருடம் அவள் சரிபார்க்காமல் விட்டுவைத்திருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. பாயசம் வந்தபோது சொன்னாள்: “இனி ஆருக்கும் நட்டமில்ல. அன்னிக்கு நான் எதுக்குப் பொய் சொன்னேன்னு சுகுமாரங்கிட்டச் சொல்லிரு. நான் சொன்னா உங்கப்பனக் காட்டிக்குடுத்தாப்பல ஆயிரும். நீயே சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். சுகுமாரன் குடியேறியிருந்த கொல்லங்கோடு எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. பஸ் அடிக்கடி உண்டு. முதல் வருடம் அறுவடை இருந்தது. அடுத்த வருடம் வீடு பூசினேன். பிறகு, இவ்வளவு தாமதமாகப் போய்ச் சொன்னால் ஏன் தாமதம் என்று கேட்பானே என்ற யோசனை வந்தது. அந்த யோசனைக்கு வயது ஏற ஏற வலு கூடியது. தங்கமணி பார்க்கும்போதெல்லாம், “சொன்னயா?” என்பாள். “இந்த மாசம்,” என்பேன். அவள் முகத்தில் கோபம் இருக்காது. கட்டையை இருட்டில் வைத்துப் பார்க்கிற முகமாக இருக்கும்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இரண்டு. யாராவது ஒரு பாஷையைக் குறை சொல்லும்போது, குமிழைத் திருகியது யார் என்று பார்க்கும் பழக்கம் ஒன்று. கொண்டுசேர்க்க வேண்டிய அந்தச் செய்தி மற்றொன்று. காரியத்தன்று சுகுமாரன் வந்திருந்தான். பந்தலுக்கு வெளியே அவனைத் தனியாக அழைத்து, என் அப்பா, சீட்டு, அம்மா கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்று மட்டும் கேட்டான்.

“இதெ என்கிட்டச் சொல்லணும்னு அவ எப்ப பறஞ்சா?”

“பத்து வருசமாச்சு,” என்றேன்.

சுகுமாரன் பந்தலுக்குள் போய் அவள் படத்தின் முன்னால் சற்று நேரம் நின்றான். நாலே கால் மணிக்குக் கொல்லங்கோட்டு பஸ் வந்தது. அதில் ஏறிப் போனான்.