பின்பக்கத்தில் பெருமாள்

என் அக்கா, உங்கள் அத்தை, ஏன் நிலத்தைக் கொடுத்தாள் என்று, பிள்ளைகளே, நீங்கள் இருவரும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அப்போது ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் இருந்தேன். திருமலைக்கு வருகிறவர்கள் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பெருமாள் டாலர்களைப் பித்தளைத் தகட்டில் அச்சடிப்பதுதான் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். சத்தியவேடு பக்கம் எங்கள் ஊரையொட்டி ஒரு தொழிற்சாலை வரப்போகிறதென்றார்கள். அதை அறிவிக்கும் விழாவில் ஊராருக்குக் கொடுக்க நினைவுப் பதக்கம் வேண்டுமென்று கட்சிக்காரர் ஒருவர் வந்தார். முன்பக்கம் தலைவர் முகம், பின்பக்கம் புகைக்கூண்டு. போன கூட்டத்தில் கொடுத்ததெல்லாம் பந்தலிலேயே மிதிபட்டுக் கிடந்ததென்று முதலாளியிடம் தெலுங்கில் குறைப்பட்டுக்கொண்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: பின்பக்கம் பெருமாளைப் போட்டுவிடுங்கள், ஒருத்தரும் கீழே போட மாட்டார்கள், அச்சு நம்மிடமே இருக்கிறது என்று. அவர் என் தோளில் தட்டினார். எனக்கு இரண்டு நாள் அதே பெருமை.

சொன்னபடியே நடந்தது. பதக்கத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டார்கள். சிலர் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெருமாளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் அது சத்தியம். நிலம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு வேலை என்று மேடையில் தலைவர் சொன்னதை, பதக்கமும் கைக்கு வந்ததால், பெருமாள் மேல் செய்த சத்தியமாகவே ஊர் எடுத்துக்கொண்டது.

தொழிற்சாலைக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றவர்களில் அத்தையும் ஒருத்தி. மாமா போன பிறகு கடலை போட்டுத் தனியாளாகக் காப்பாற்றிய நிலம். பதக்கம் வாங்கிய மறுநாள் பஸ் பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"இத்த நீதானே அடிச்சே? சாமிய வச்சிக்கினு பொய் சொல்லுவாங்களா தம்பி?"

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அது என் யோசனை என்று சொல்ல வாய் வரவில்லை. "சொல்லமாட்டாங்கக்கா" என்றேன்.

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டாள். தொழிற்சாலையும் வந்தது. வேலைக்கு ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கேட்டார்கள். அவள் மகன் பத்தாவது தாண்டாதவன். சென்னை பஸ் ஏறிப் போனவன் இன்றைக்கும் அங்கேதான் வாட்ச்மேன்.

அத்தை யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. ஒருநாள் அவள் வீட்டில் காப்பி குடிக்கும்போது, அந்தப் பதக்கத்தை இன்னும் ஏன் மாடத்தில் வைத்திருக்கிறாய் என்று கேட்டே விட்டேன்.

"பின்னாடி பெருமாள் கீறாரே, அவர எங்க தூக்கிப் போடறது? அந்தாளு மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிக்கிறேன். எந்தப் பாவியோ அவர இட்டாந்து இவன்கூட ஒட்டிட்டான்."

அந்தப் பாவி நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

இந்தப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போகிறோம். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள். தெரிந்துகொண்டு நீங்கள் இருவரும் எதிரில் உட்கார்ந்திருந்தால், இந்தத் தடவை நான் காப்பியைப் பற்றிப் பேச முடியாது.