கைமாறிய கப்பல் பட்டறையும் எங்கள் அண்ணனின் மூச்சும்

அண்ணன் மறைந்து ஓராண்டு. அழுது முடித்துவிட்டேன், இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். உறவுகளும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தார். அப்பா தவறியதும் பள்ளியை விட்டு, பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் பட்டறையில் சேர்ந்தார். தங்கைகள் எங்களைப் படிக்க வைத்தது அந்த உழைப்பு.

போர்க்கப்பலின் நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறையை உரித்தெடுப்பது அவர் வேலை. தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு வீடு திரும்புவார். அது நுரையீரலைத் தின்னும் என்று வெள்ளைக்காரன் சொல்லவில்லை. அவன் போனபின் பட்டறை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு ஒரு தனியார் நிறுவனம் வாங்கியது, அதனிடமிருந்து இன்னொன்று. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. கொட்டகையும் தூசும் அப்படியே இருந்தன.

முகக்கவசம் தராமல் உள்ளே போவதில்லை என்று ஒருமுறை அண்ணன் சக தொழிலாளர்களோடு வெளியே நின்றார். கவசம் வந்தது. அண்ணனை வாசல் காவலுக்குத் தள்ளினார்கள்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி சுமந்து ஏறியவர், வயதான பிறகு வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்நார்த் தூசுதான் காரணம் என்றார் மருத்துவர். பழைய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டோம். "வித்தாச்சு, வாங்குனவங்கள கேளுங்க" என்றார்கள். பிறை என்ற ஊரில் இருக்கும் புதிய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அண்ணனை அழைத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி தமிழர்தான்.

"அங்கிள், அதெல்லாம் பழைய கம்பெனி காலத்துல நடந்தது லா. நாங்க எடத்தையும் கிரேனையும்தான் வாங்குனோம்."

"அந்த எடத்துலதான் தம்பி நான் மூச்சு இழுத்தேன்" என்றார் அண்ணன். அதிகாரி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறந்த அன்று அதே நிறுவனம், தன் பெயரைப் பெரிதாகப் பொறித்து, ஒரு மலர்வளையம் அனுப்பியது. கொண்டுவந்தவரிடம், "ஒங்க மேல கோவம் இல்ல அண்ணே. இத எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். பெரியவர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். நான் வருந்தவில்லை.

இரவும் பகலும் அண்ணனைத் தாங்கிப் பிடித்த அண்ணிக்கும், ஆக்ஸிஜன் உருளையை மூன்று மாடி தூக்கி வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடைசிவரை வந்து பார்த்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தோழர்களே, உங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. நீங்களும் அதே கொட்டகையில் நின்றவர்கள். மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள். அந்த அலுவலகத்துக்கு வழி எனக்குத் தெரியும். உங்களோடு நானும் வருகிறேன்.