கல்முனையில் கேட்ட ஜோர்ஜியா முடிவு

றேடியோ திருத்துகிறவன் சத்தத்துக்குத்தான் பொறுப்பு, செய்திக்கு அல்ல என்பதை எங்கள் கடைத்தெருவில் ஒருவருக்கும் கடைசிவரை விளங்கப்படுத்த முடியவில்லை. மழை பிந்தினாலும் சரி, சீனி விலை ஏறினாலும் சரி, பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு என்னை முறைப்பார்கள். தையல்காரர்களே, சைக்கிள் கடைக்காரர்களே, நீங்களும் இப்படி ஏதாவது பட்டிருப்பீர்கள். எண்பதாம் ஆண்டு அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வட்டை போன மனிதர்

அந்த நாட்களில் அமெரிக்கத் தேர்தலைக் கதைக்காத தேநீர்க்கடை கல்முனையில் இல்லை. ஈரானில் அமெரிக்கர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள் அல்லவா, அதனால் எங்கள் ஆட்களுக்கு அந்தத் தேர்தல் ஏதோ பக்கத்து ஊர்க் காரியம் மாதிரி ஆகிவிட்டது. பதவியில் இருந்த ஜனாதிபதி முன்பு கச்சான், அதாவது நிலக்கடலை, பயிரிட்டவர். ஆகவே அவருக்குக் கச்சான்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தோற்பார் என்று பாதிப் பேர், தோற்கக் கூடாது என்று மீதிப் பேர்.

மீராலெவ்வை காக்கா, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையானவர், இரண்டு பக்கத்திலும் சேராதவர். அவர் பல வருடம் வட்டை விதானையாக இருந்தவர். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அதற்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டை விதானை. போகம் தொடங்க முன்னர் விவசாயிகள் கூட்டம் கூடிக் கை உயர்த்தி அவரைத் தெரிவு செய்வார்கள். முந்திய சிறுபோகத்தில் தண்ணீர் போதாமல் முறை வைத்துத்தான் விட்டார்கள். முறை முடிந்ததும் சொந்தத் தங்கை ஆசியா உம்மாவின் வயலுக்குப் போன வாய்க்காலையும் காக்கா அடைத்துவிட்டார். அவளுடைய வெள்ளாமை கருகிப்போனது. அடுத்த பெரும்போகக் கூட்டத்தில் ஆசியாவின் கணவர் உதுமான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து மற்றச் சொந்தக்காரர்களும் அப்படியே இருந்துவிட்டார்கள். விதானைப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்றோடு காக்கா தங்கை வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார். இப்போது ஆசியாவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் முன்னுக்கு நிற்காத கலியாணம் ஊர் வாய்க்கு எவ்வளவு பெரிய தீனி என்று எங்களுக்குத் தெரியும். போவீர்களா என்று கேட்டேன். திருத்தக் கொண்டுவந்த றேடியோவை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னார்: “பாஸ், அந்தக் கச்சான்காரன அவன்ட சொந்த ஊராக்களே கைவிட்டா, உலகம் இப்படித்தான் எண்டு நெனச்சிக் கலியாணத்துக்குப் போவன். அவங்க கைவிடல்லையெண்டா என்ட ஆக்கள்தான் கெட்ட ஆக்கள். நான் போகமாட்டன்.”

உம்மா ஊரா, பொஞ்சாதி ஊரா?

பாண்டிருப்பிலிருந்து கணபதிப்பிள்ளை மாஸ்டர் தினமும் சைக்கிளில் வந்து என் கடையில் ஆங்கிலச் செய்தி கேட்டுவிட்டுப் போவார். எங்களுக்குச் சொல்லியும் தருவார். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகத்தான் எண்ணுவார்கள் என்றும், கச்சான்காரருடைய மாநிலம் தெற்கே இருக்கிற ஜோர்ஜியா என்றும், போன முறை தெற்கு அநேகமாக முழுவதும் அவருடன்தான் நின்றது என்றும் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

காக்காவுக்கு அது காணாது. சொந்த ஊர் என்றால் எந்த ஊர் என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஆணுக்கும் ஊர் இரண்டு, அல்லது தெரு இரண்டு. தெரியாத சங்கதியென்றால் தெரியாது என்றுதான் மாஸ்டர் சொல்வார். இது அவருக்குத் தெரிந்திருந்தது. கச்சான்காரரும் மனைவியும் ஒரே சின்ன ஊர்க்காரர், அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவர்கள் என்றார். காக்கா பெரிதாக மூச்சு விட்டார். அந்த ஜனாதிபதிக்காக அவர் மனம் இளகியதை நான் கண்ணால் கண்டது அப்போதுதான். “ரெண்டு ஊரும் ஒண்டெண்டா, அந்த மனிசனுக்குக் கோவிச்சிக்கொண்டு போய் இரிக்கிறத்துக்கு இன்னொரு ஊரு இல்லையே, மாஸ்டர்!”

சுபஹுக்குப் பிறகு

அவர்களுக்கு இரவாகும்போது நமக்கு விடிகிறது. அந்தப் புதன்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடையைத் திறந்தேன். பின்வளவுத் தென்னையில் செப்புக் கம்பி கட்டி ஏரியல் இழுத்திருந்தேன். மேசையில் காக்காவின் பெட்டிதான் ஓடியது. திருத்தின பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்கள். வெயில் ஏற ஏற சிற்றலையில் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. கச்சான்காரர் பக்கம் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். ஊசியைச் சரியான இடத்தில் வைத்தால் நல்ல செய்தி வரும் என்று ஒருவர் எனக்கு யோசனையும் சொன்னார்.

பிளேன்டீ ஆற முன்னரே மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டார். நாடு கைமாறிவிட்டது. மாநிலங்கள் மளமளவென்று எதிர்த்து நின்றவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. போன முறை கூட நின்ற தெற்கும் நழுவிக்கொண்டிருந்தது. காக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து, “ஜோர்ஜியா?” என்று மட்டும் கேட்டார். சத்தம் மங்கியது. மாஸ்டர் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டார். அங்கே ஆங்கிலம் விளங்கியவர் அவர் ஒருவர்தான். ஜோர்ஜியாவும் கைவிட்டது என்று அவர் ஒரு பொய் சொன்னால் போதும், காக்கா கலியாணத்துக்குப் போவார். சொல்லுங்கள் மாஸ்டர், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

மாஸ்டர் நிமிர்ந்து, ஜோர்ஜியா அவரைக் கைவிடவில்லை என்றார். வாசலில் சிலர் கைதட்டினார்கள். காக்கா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, றேடியோவைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டரோடு சண்டைக்கு நின்றேன். ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே அவர் சொன்னார்: “ஓம் தம்பி, நானும் யோசிச்சனான்தான். ஆனா பொய்ய நம்பிக் கலியாணத்துக்குப் போற மனிசன், பேப்பர் வந்த பிறகு அந்த வீட்டுக்கு ஆயுளுக்கும் போகமாட்டார்.”

ஒலிபெருக்கி கேட்டு வந்தவர்

கலியாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பதும் என் தொழில்தான். உதுமான் வந்தார். வேறு யாராக இருந்தாலும் ஒலிபெருக்கியை எங்கே கட்டுவது என்று கேட்டிருப்பேன். அவரைக் கண்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கையை உயர்த்தினால் தேய்ந்தா போயிருப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெலிந்த மனிதர். அந்த வெள்ளாமையை நம்பித்தான் மகளின் கலியாணத்தைப் பேசியிருந்தார். வாய்க்கால் அடைபட்ட பிறகு ஒவ்வொரு விடியலும் வயலுக்குப் போய், பால் பிடிக்காத கதிரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாராம். மச்சான் செய்தது நியாயம்தான் என்றும் ஒப்புக்கொண்டார். பிறகு தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபடி சொன்னார்: “நியாயம்தான் பாஸ். கருகின கதிரப் புடிச்ச கைய, அடச்ச மனிசனுக்காக எப்படி உசத்துற?”

காணிக்காரி

காக்கா தன் பெட்டியை எடுக்க மறுபடி வந்த காலையில், ஆசியா உம்மா கடைக்கு வந்தாள். கல்முனைக் கடைத்தெருவில் எங்கள் பெண்கள் தனியே வந்து நிற்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு படியில் நின்றாள். நான் இன்னொரு வாங்கைத் தள்ளிப் போட்டேன், அவள் உட்காரவில்லை. காக்கா தன் வாங்கில் இருந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஜோர்ஜியாவில் ஒரு மனிதனுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எனக்கு இல்லை என்றார். ஜோர்ஜியா யாரென்று அவளுக்குத் தெரியாது. யாரோ பெண்பிள்ளை என்று நினைத்தாளோ என்னவோ, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நான் சோல்டரிங் கம்பியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், கால் வரவில்லை. வெள்ளாமை கருகியதற்காகத் தான் அழுதது உண்மை என்றாள். ஆனால் அநியாயமாக அடைத்தீர்கள் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை என்றாள். வட்டைக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. காணி பெண்ணுடையதாக இருந்தாலும் கணவன்தான் போய் உட்கார்வான். அது ஏன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று காக்கா எழுந்து அவளோடு போனார். கலியாணத்தன்று மாப்பிள்ளையைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்ததும் அவர்தான். உதுமானோடு மட்டும் வெகுகாலம் கதைக்கவில்லை. அன்று காக்காவை வாங்கிலிருந்து எழுப்பியது அவள் படியில் நின்று சொன்ன இந்தச் சொல்: “காக்கா, அந்தக் காணி உம்மா எனக்குச் சீதனமாத் தந்த. கை உசத்துற உரிமையும் எனக்குத்தான். கூட்டத்துக்கு வா எண்டு அவரும் கூப்பிடல்ல, நீங்களும் கூப்பிடல்ல. என்ட கை எந்தப் பக்கம் எண்டு ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?”

அமெரிக்காவில் எந்த மாநிலம் யார் பக்கம் என்று விடிந்த கையோடு தெரிந்துகொண்ட எங்களுக்கு, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பெண் யார் பக்கம் என்று தெரிய அவளே கடைப்படி ஏறி வரவேண்டியிருந்தது.