பத்து வருடப் பத்திரம்

வெடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த போனஸ் பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நான் பத்து வருட அரசாங்கக் கடன்பத்திரம் வாங்கவைத்தேன். எப்போது விற்றாலும் போட்ட பணம் குறையாது என்றேன்.

மூன்றாம் வருடமே வரன் அமைந்தது. பத்திரத்தை விற்க இருவரும் மதுரைக்குப் போனோம். தரகர் சொன்ன விலை, போட்ட பணத்தைவிடக் குறைவாக இருந்தது.

"வட்டி ஏறிருச்சு சார். புதுப் பத்திரத்துல வட்டி கூட. ஒங்க பழசை முழு வெலைக்கு யாரு வாங்குவாக? பத்து வருசமும் வச்சிருந்தா முழுசாக் கெடைக்கும்."

"புதுச் சரக்கு வந்ததும் பழைய வெடி வெல எறங்குமே, அப்படியா சார்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அவளுக்கு உடனே புரிந்த விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. "அப்பவே சொன்னேன்லம்மா" என்று பொய் சொன்னேன். அவள் பத்திரத்தை அந்த விலைக்கே கொடுத்தாள். குறைந்த பணத்தை ஈடுகட்டத் தன் காதுத் தோட்டை விற்றாள்.