தார் பூசிய பாம்புப் பெட்டி

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்பு நடந்தது இது. திருத்தணி மலையடிவாரத்தில் எனக்குச் சிறிய தச்சுப் பட்டறை. இரண்டு மலைப்பாம்புகளை வளர்த்து, மலையேற வருபவர்களுக்குக் காட்டிப் பிழைக்கும் ஓர் அம்மாள், பாம்பின் நீளத்துக்கு முடிச்சுப் போட்ட கயிற்றோடு வந்தார்.

"கூடையில அடங்க மாட்டேங்குதுங்கண்ணா. ரெண்டும் கால நீட்டிப் படுக்கற மாதிரி ஒரு பொட்டி பண்ணிக் குடு."

"பாம்புக்கு ஏதும்மா காலு?" என்றார் பக்கத்துப் பூக்கடைக்காரர்.

"உனக்கு இருக்குதே, நீ மட்டும் நடந்துகினா கீறே? நாளெல்லாம் குந்திகினு தானே கீறே!"

எனக்கும் சிரிப்பு வந்தது.

கள்ளிப்பெட்டிப் பலகையில் செய்து, முன்பக்கம் கம்பி வலை அடித்தேன். எங்கள் பக்கம் கரையான் அதிகம். எந்த மரச்சாமானுக்கும் தார் பூசித்தான் கொடுப்பேன். யாரும் கேட்காமலே பெட்டிக்கு உள்ளும் புறமும் இரண்டு கை பூசினேன். பார்க்க அழகாக இருந்தது.

"வாடை தூக்குதே அண்ணா?" என்றார் அவர்.

"ரெண்டு நாள்ல போய்டும்மா" என்றேன். பாம்புக்கு ஆகுமா என்று யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் கைவண்டியில் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். கண் வீங்கியிருந்தது. பெரிய பாம்பு வாயைப் பிளந்தபடி செத்துப்போனதாம். மற்றதும் சோர்ந்து கிடக்கவே, வெளியே எடுத்து ஈரச் சாக்கில் போட்டிருக்கிறாராம்.

"யார் கண்ணு பட்டுச்சோ. உன் பொட்டி நல்லாத்தான் கீது. ஒண்ணுக்கு இவ்ளோ பெருசு எதுக்கு? பாதியா அறுத்துக் குடுண்ணா."

தார் வாடைதான் கொன்றிருக்கும் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். பூக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பத்தை எடுத்தேன். பெட்டியைப் பாதியாக அறுத்தேன். உட்பக்கத் தாரை உளியால் சுரண்டி, வெள்ளை மரம் தெரியும்வரை இழைத்தேன்.

"அத்த ஏண்ணா இழைக்கிறே?"

"சும்மாதாம்மா."

நான் கூலி வேண்டாம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் இன்னும் என்னால் தாங்க முடியாதது. அந்தச் சின்னப் பாம்பு பிழைத்துக்கொண்டது. கிருத்திகையன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் படியருகே நின்றிருந்தார். நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.